நேக்குக்காரரின் இடது செருப்பு

மனிதர்களில் நேக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால், எந்த வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனதில்லை என்று அர்த்தம். கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். அவர் வீட்டு வாசலில் நின்று கதவைத் தள்ளிப் பாருங்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் பதறிக்கொண்டு வரும்.

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க! பிடியைக் கொஞ்சம் மேல தூக்குங்க. ம்... இப்ப இடுப்பால ஒரு இடி. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அவ்வளவுதான்!"

இடுப்பைத் தடவிக்கொண்டு நீங்கள் உள்ளே போகிறீர்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தக் கதவை அவரே பெற்று, அவரே வளர்த்து ஆளாக்கியதுபோல ஒரு பூரிப்பு.

"பாத்தீங்களா? அதுக்கு ஒரு நேக்கு இருக்கு."

இதோடு விட்டாரா? நீங்கள் குளியலறைக்குப் போனால் கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொள்வார். குழாயை எந்தப் பக்கம் திருகுவது, எந்த இடத்தில் நிறுத்துவது, அது கீச்சென்று கத்தினால் எவ்வளவு பின்னால் வருவது என்று, கப்பலைக் கரை சேர்க்கிறவர் மாதிரி வழி சொல்லிக்கொண்டே இருப்பார். போன காரியம் மறந்துபோகும். வெளியே வந்து விளக்கை அணைக்கலாம் என்று கை வைத்தால், "அதை அழுத்திட்டு அதையே பாக்காதீங்க. வேற எங்கயாவது பாருங்க, தானா அணையும்" என்பார். அணையும். அதுதான் கொடுமை.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நேக்குக்காரருக்குத் தாராளமான கை. வந்தவருக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார். சோம்பேறியும் கிடையாது. ஒரு திருகாணியை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு, அந்தத் திருகாணி இல்லாமலே காலம் தள்ளுவது எப்படி என்று யோசித்து, தானே செய்து பார்த்து, கை பழகி, பெண்டாட்டி பிள்ளைக்குப் பாடம் நடத்தி, அவர்கள் தப்பாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து, மழைக்கு ஒரு நேக்கு வெயிலுக்கு ஒரு நேக்கு என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கிற உழைப்பு இருக்கிறதே, அது ஒரு சோம்பேறியால் ஆகிற வேலையா?

பின்னே என்னதான் வியாதி? சொல்கிறேன். ரிப்பேர் செய்துவிட்டால் அந்தச் சாமானை எவன் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். அப்புறம் வீட்டில் அவரை யார் கூப்பிடுவார்கள்?

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் தங்கையை அப்படி ஒருவருக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

என் மாப்பிள்ளைக்கு பஸ் பணிமனையில் வேலை. காலையில் வெளியே போகிற வண்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர். அங்கே அவர் புலி. பிரேக் ஒரு மயிரிழை தாமதமாகப் பிடித்தால் போதும், "ஓரமா நிறுத்து" என்றுவிடுவார்.

"அண்ணே, ரெண்டாவது மிதியில பிடிச்சிருதுண்ணே" என்று டிரைவர் கெஞ்சுவார்.

"அப்படியா? ரோட்டுல குறுக்க வர்றவன்கிட்ட அதைச் சொல்லு. ரெண்டாவது மிதி வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கன்னு."

நியாயமான பேச்சு. அந்தப் பேச்சைப் பேசிய வாயை மூடிக்கொண்டு, சாயங்காலம் தன் சைக்கிளை எடுத்து, பிரேக்கை ஒரு தரம் பிடித்து, விட்டு, மறுபடி பாதி பிடித்து, அதுவும் பிடிக்காமல், இடது குதிகாலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வண்டியை நிறுத்தியபடி வீடு வந்து சேருவார்.

அந்த வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வலது செருப்பெல்லாம் நேற்று வாங்கியதுபோல இருக்கும். இடது செருப்பெல்லாம் அப்பளம். ஒரு குடும்பமே ஒற்றைக் காலால் உலகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. செருப்பு தைப்பவர்கூட ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: "சார், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல எல்லாருக்கும் நடை கொஞ்சம் அப்படியா?"

மூன்று சைக்கிள்கள் அந்த வீட்டில். மூன்றையும் நிறுத்துவது இடது குதிகால்தான். மாப்பிள்ளையுடையதைச் சொல்லிவிட்டேன். மகளுடையது வலப்பக்கமே இழுக்கும். அதனால் அவள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் நேராகப் போவாள். எதிரில் வருகிறவர்கள், இந்தப் பெண்ணுக்கு நம்மேல் என்ன கோபம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாளே என்று வருத்தப்படுவார்கள். மணி அடிக்காது. அடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. மட்கார்டு போடுகிற சத்தத்தில் தெருமுனையிலேயே ஆள் ஒதுங்கிவிடும். "மணிக்கு மணியும் ஆச்சு, கை நோவும் மிச்சம்" என்பார் மாப்பிள்ளை.

என் தங்கையின் சைக்கிள்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அதில் செயின் கழன்றுவிடும். எப்போது? மேட்டில் வலது காலை அழுத்தி மிதித்தால். அழுத்தாமல் மிதித்தால் கழலாது. அழுத்தாமல் மேடு ஏறுவது எப்படி? அதுக்கு ஒரு நேக்கு இருக்கு. இடது காலால் அழுத்தி, வலது காலால் சும்மா தடவி, செயின் கடகடவென்று முனகினால் அரைச் சுற்றுப் பின்னால் மிதித்து அதைச் சமாதானப்படுத்தி, மறுபடி இடது காலால் அழுத்தவேண்டும். பார்ப்பவர்களுக்கு சைக்கிள் ஓட்டுவதுபோலத் தெரியாது. கோபித்துக்கொண்ட கழுதையைக் கெஞ்சிக் கூட்டிப்போவதுபோல இருக்கும்.

கடைக்கு விட்டு ஓவராயில் பார்த்து, அதாவது எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்துப் பூட்டி, எத்தனை காலம் ஆயிற்று என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கேட்டால் ஒரே பதில். "அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்." மற்ற கிழமைகளெல்லாம் அந்த வீட்டுக்கும் ஒழுங்காகத்தான் வந்தன. இந்த அடுத்த ஞாயிறு மட்டும் வழி தெரியாமல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது.

இப்படியே ஓடியிருக்கும். தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது.

துணி தைக்கிற கம்பெனி. மேட்டுத் தெருவின் உச்சியில். உச்சியில்தான், கவனியுங்கள். மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பல இடங்களில் கேட்டு, போன இடமெல்லாம் இல்லையென்ற பதிலே வாங்கி, கடைசியில் கிடைத்த மிஷின் அது. போன முதல் வாரத்திலேயே செயின் கழன்று இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இரண்டாம் நாள் ராத்திரி நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பிசைந்துகொண்டு அவள் சொன்னாள்:

"இன்னொரு தரம் லேட்டா வந்தா வேற ஆள உக்காத்தி வச்சிருவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாங்க. வாசல்லயே நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. செயினை மட்டுமாவது மாத்திக் குடுங்க."

மாப்பிள்ளை நிதானமாக மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்: "வலது காலை அழுத்துனியா?"

"மேடுங்க. அழுத்தாம எப்படி?"

"பாத்தியா, பாத்தியா? அழுத்தியிருக்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல. செயின் மேல ஒரு தப்பும் இல்ல. நேக்கா போகணும். மச்சான், நீங்களே சொல்லுங்க."

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மாப்ளே" என்றேன். வேறென்ன சொல்ல?

மகள் மட்டும் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்: "கம்பெனி கேட்டுக்கு ஏதாவது நேக்கு இருந்தா அதையும் அம்மாவுக்குச் சொல்லிக் குடுங்கப்பா."

தங்கை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கேயும் சத்தம் வரவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அதுதான் ஆபத்தான சமயம்.

மறுநாள் காலை மாப்பிள்ளை சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அவருடைய சைக்கிள் சாவியைக் காணோம். மேஜைமேல் தங்கையின் சாவி இருந்தது. கீழே ஒரு சீட்டுக்கூட இல்லை. மகள்தான் சேதி சொன்னாள்:

"அம்மா உங்க சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. மேடு ஏறப் பிரேக் வேணாமாம். வர்றப்ப இறங்கித் தள்ளிக்கிட்டு வந்துருவாங்களாம். அவங்க சைக்கிளுக்கு உள்ள நேக்கெல்லாம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே, நீங்க அதுல போவீங்களாம்."

போகாமல் இருக்க முடியுமா? மாதக்கணக்கில் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா? ஆனால் ஒரு விஷயம் அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பாடம் நடத்தியிருக்கிறாரே ஒழிய, அந்தச் சைக்கிளில் அவர் ஏறி உட்கார்ந்ததே இல்லை.

நடந்ததை எனக்குச் சொன்னவர் பணிமனை டிரைவர் ஒருவர். அவருடைய பஸ்ஸை மாப்பிள்ளை பலமுறை ஓரம் கட்டியிருக்கிறார். அதனால் ஒரு வரி விடாமல், ரொம்பச் சந்தோஷமாகத்தான் சொன்னார். பஸ்ஸெல்லாம் வரிசையாக நிற்கிறது. கையெழுத்துப் போட ஆளைக் காணோம். ஜன்னலோரம் இடம் பிடித்த ஜனங்கள் கத்துகிறார்கள். அப்போது தூரத்தில் ஓர் உருவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கை முழங்கை வரை கறுப்பு. பேன்ட் காலில் ஒரு பக்கத்தைச் செயின் தின்றுவிட்டது. நெற்றியில் வேர்வையைத் துடைத்ததில் அங்கேயும் ஒரு கறுப்புப் பட்டை.

டிரைவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: "என்னண்ணே, இந்த வண்டிய வெளிய விட்டது யாரு? கையெழுத்துப் போட்டவன் யாருண்ணே?"

எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முறைத்துவிட்டுச் சொன்னாராம்: "இது என் வண்டி இல்லப்பா. வீட்டுல ஓட்டுறது."

"வீட்டுலயா? அவங்க தினமும் இதுலயாண்ணே போறாங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லையாம். மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் போயிருக்கிறார். பேனாவெல்லாம் கறுப்பு.

அடுத்த ஞாயிறு வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அதுவும் எப்படி? "நான் ரொம்ப நாளாவே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்ற அறிவிப்போடு. நேக்குக்காரர்கள் யார் சொல்லியும் செய்யமாட்டார்கள். ரொம்ப நாளாக யோசித்துத்தான் செய்வார்கள்.

கடைக்கு மூன்று வண்டிகளும் போகவேண்டும். அவரவர் வண்டியில் அவரவர் போயிருக்கலாம். மாப்பிள்ளை கேட்கவில்லை. தங்கையின் சைக்கிளுக்கு என்னைக் கூப்பிட்டார். "கனமான ஆள் உக்காந்தாத்தான் குறை என்னன்னு கடைக்காரருக்குத் தெரியும் மச்சான்." ஏறினேன். ஊரே வேடிக்கை பார்த்தது. முன்னால் மகள், இடப்பக்கம் பார்த்தபடி. நடுவில் நான். பின்னால் மாப்பிள்ளை, குதிகாலைத் தேய்த்தபடி, எனக்கு உத்தரவு போட்டபடி. தங்கை நடந்து வந்தாள். நடந்தவள் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

"மச்சான், வலது காலை அழுத்தாதீங்க!"

"பின்ன எதை அழுத்துறது மாப்ளே? வயித்தையா?"

"சீட்டு வலப்பக்கம் திரும்பும். நீங்க இடப்பக்கம் திரும்பி உக்காருங்க!"

"உக்காந்தா?"

"நேரா ஆயிடும்!"

"சீட்டா, நானா?"

பதில் வருவதற்குள் செயின் கழன்றுவிட்டது. மிச்ச தூரம் நான் சைக்கிளைத் தள்ளினேன். கனமான ஆள் வந்து குறையைக் காட்டிவிட்டேன் அல்லவா?

சைக்கிள் கடைக்காரர் மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பெடலை ஆட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நடனமாடி நின்றது. "மூணுக்கும் பெண்டு எடுக்கணும்" என்றார். என் தங்கை எங்கள் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். நாலாவதாக ஒன்று இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை விடுவாரா? "பின்பக்கப் பிரேக்கத் தொடாதீங்க. அது ரெண்டாவது பிடியில வரும். இந்த ஹேண்டில்பார் இருக்கே..." என்று ஆரம்பித்தார். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே டியூபுக்குக் காற்றடிக்க கம்ப்ரெஸர் சுவிட்சைப் போட்டார். அது ஓடவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் முழங்காலால் ஓர் உதை, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் கண்கள் விரிந்தன.

கடைக்காரர் வெட்கத்தோடு சொன்னார்: "ஒண்ணுமில்லண்ணே. அதுக்கு ஒரு நேக்கு இருக்கு."

காணாமல்போன அண்ணனும் தம்பியும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தன் ஷட்டரைத் திறக்கும் வித்தையைச் சொன்னார். இவர் தன் வீட்டுக் குழாயைச் சொன்னார். அவர் இரும்புப் பெட்டிப் பூட்டைச் சொன்னார். இவர் விளக்கைச் சொன்னார். "வேற எங்கயாவது பாக்கணுமா? அடடே!" என்று கடைக்காரர் சொக்கிப்போனார். கையில் எடுத்த திருகுச் சாவியைக் கீழே வைத்தே விட்டார். பேச்சு மெல்ல மெல்ல எங்கே போயிற்று தெரியுமா? "அப்படிப் பாத்தா இந்தச் செயின்ல இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்ணே. ஒரு கண்ணியை மட்டும் எடுத்துட்டு, நேக்கா..." என்ற இடத்துக்கு.

என் தங்கையின் முகம் வெளுத்துப்போயிற்று. மறுநாள் திங்கட்கிழமை. மேடு இருக்கிறது. கேட் இருக்கிறது. நாலு பேர் காத்திருக்கிறார்கள். எழுந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் என் சைக்கிள இங்க வைக்கல. அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கு. அங்க கம்ப்ரெஸர் சுவிட்சப் போட்டதும் ஓடுதாம்."

கடைக்காரர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. அடுத்த தெருக் கடை என்பது எந்தத் தொழிலிலும் பெரிய மருந்து. சாயங்காலத்துக்குள் புதுச் செயின், பல்சக்கரம், பிரேக் கட்டை, கம்பி எல்லாம் மாற்றி, மூன்றையும் கழுவிப் பூட்டி வரிசையாக நிறுத்திவிட்டார். நல்ல வேலைக்காரர்தான். தன் சாமானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக ரிப்பேர் செய்வார்.

இனிமேல்தான் வேடிக்கை. நன்றாக ஓடுகிற சைக்கிளை ஓட்ட அந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை.

மகள் ஏறினாள். வழக்கம்போல இடப்பக்கம் பார்த்தாள். நேராகப் போகிற சைக்கிள் அவள் பார்த்த பக்கமே போய், ஒரு வேலிக்குள் பாதி நுழைந்து நின்றது. "இது நான் சொன்னபடி கேக்குது மாமா!" என்று உள்ளேயிருந்து அலறினாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிளம்பினார். திருப்பத்தில் பழக்கதோஷத்தில் முதல் பிடி எப்படியும் பிடிக்காது என்று பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கூடவே குதிகாலையும் ஊன்றினார். பிரேக்கோ முதல் பிடியிலேயே பிடித்துவிட்டது. சைக்கிள் நின்றது. மாப்பிள்ளை நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தார். முழங்காலில் சிராய்ப்பு. மற்றபடி பெருமைக்குத்தான் அடி.

நான் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது, தங்கை தன் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. மேட்டுத் தெருப் பக்கம் திரும்பினாள்.

நாங்கள் மூவரும் அடிவாரத்தில் நின்று பார்த்தோம். பாதி மேடு வரை அவளும் பழைய மாதிரிதான் போனாள். இடது காலால் அழுத்தி, வலது காலால் தடவி. வழக்கமாகச் செயின் கழலும் இடம் வந்தது. சைக்கிள் தள்ளாடி நிற்கப் பார்த்தது. மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா?

"வலது காலை அழுத்தாத!" என்று கத்தினார்.

அவள் அழுத்தினாள்.

செயின் பிடித்துக்கொண்டது. முனகல் இல்லை. இன்னொரு மிதி. இன்னொன்று. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தவள், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். சாத்தியிருந்த கம்பெனி கேட் வரை போய் அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினாள். சரிவில் காற்றாக இறங்கி வந்து, பிரேக்கைப் பிடித்து, எங்கள் மூக்குக்கு முன்னால் நிறுத்தினாள். இடது செருப்பு பெடல் மேலேயே இருந்தது.

மாப்பிள்ளை குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். அப்புறம், "செயின் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த இனத்தில் அது பெரிய வார்த்தை.

மறுநாள் மணி அடிப்பதற்குள் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் போனாள். இப்போதும் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், புதுப் பிரேக்குக்கு ஒரு நேக்கு கண்டுபிடிச்சிட்டேன். வெடுக்குனு பிடிக்கக் கூடாது. மெல்லப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தணும்."

"அதுக்குப் பேருதான் பிரேக் போடுறது மாப்ளே" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கையிடம் ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு ஏன் நீ சண்டையே போடல? சாவியை மாத்தி வைக்கிற யோசனை எங்கிருந்து வந்தது?"

அவள் வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். பிடியைத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி.

"நேரா தள்ளுனா நகர மாட்டாருண்ணே" என்றாள். "அதுக்கு ஒரு நேக்கு இருக்கு."

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ஒரு காரியம் செய்யுங்கள். வாசலுக்குப் போய் உங்கள் இடது செருப்பைப் புரட்டிப் பாருங்கள். தேய்ந்திருக்கிறதா? இல்லையா? அதற்குள் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், உங்களிடம் நேராகக் கேட்கவேண்டிய ஒன்றை நேராகக் கேட்காமல், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்து, முகம் பார்த்து, வேறு எங்கேயோ பார்ப்பதுபோலப் பார்த்து, சுற்றி வளைத்துக் கேட்கிறார்களா?

அப்படியென்றால் உங்கள் செருப்பு தேயாததில் ஆச்சரியமில்லை. உங்களை ஓட்டுகிறவருடைய செருப்பைப் புரட்டிப் பாருங்கள்.